ஆணி புடுங்கப் போனவன் ஒயர் புடுங்கின கதை

ஆபீஸ்ல ஆணி புடுங்கறேன் ஆணி புடுங்கறேன்னு சொல்லியே இருபது வருஷம் ஓட்டியாச்சு. நிஜ ஆணி ஒன்னை சுவத்துல ஒழுங்கா அடிக்கத் தெரியுமான்னு ஒரு நாள் தங்கமணி கேட்டுட்டாங்க. ரோஷம் வருமா வராதா? சுத்தியலை எடுத்தேன். முருகர் காலண்டர் மாட்டறதுக்கு ஒரே ஒரு ஆணி. நாலு அடியில ஆணி வளைஞ்சது, அஞ்சாவது அடியில உள்ளங்கை அகலத்துக்கு பூச்சு பெயர்ந்து காலடியில விழுந்தது. அம்மா ஹால்ல இருந்தே, "டேய், வீடு வாடகைக்கா சொந்தமா?"ன்னு குரல் கொடுத்தாங்க. சொந்தம்தான். நங்கநல்லூர்ல 1994ல கட்டின எட்டு வீட்டு அபார்ட்மெண்ட், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. எதைத் தொட்டாலும் கூட ரெண்டு விஷயம் கழண்டு வரும்.

நம்ம ஊர்ல சின்ன வேலைக்கு ஆள் கிடைக்கறது பத்தி உங்களுக்குச் சொல்லவே வேணாம். "நாளைக்குக் காலையில வரேன் சார்"ங்கற வாக்கியத்துல நாளைக்குங்கறது எந்த மாசம்னு கேட்கக் கூடாது. சரி, நாமே கத்துக்குவோம்னு கிளம்பினேன். கத்துக்கறது கஷ்டமில்ல மக்களே. யார்கிட்ட கத்துக்கறதுங்கறதுலதான் எனக்கு ஆப்பு காத்திருந்துச்சு.

முதல்ல புத்தகம். கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்குங்க. சென்ட்ரல் பக்கத்துல, 1985ல எரிஞ்சு போன மூர் மார்க்கெட்டுக்குப் பதிலா வந்த அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸ்ல பழைய புத்தகம் தேடி அலையறது என் காலேஜ் காலத்துப் பொழுதுபோக்கு. அங்க ஒரு தடவை ரீடர்ஸ் டைஜஸ்ட்டோட வீட்டு ரிப்பேர் புத்தகம் வாங்கி வெச்சிருந்தேன். 1973ல அமெரிக்காவுல முதல்ல வந்தது. தலையணை சைஸ், படங்களெல்லாம் அவ்ளோ அழகு. பரண்ல இருந்து எடுத்துத் தூசி தட்டிப் படிச்சேன். சுவத்துல எதையாவது மாட்டணும்னா முதல்ல சுவத்தைத் தட்டிப் பார்த்து உள்ள மரச்சட்டம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணுமாம். நானும் மடக்கின விரலால ஹால் சுவர் பூரா தட்டிக்கிட்டே போனேன். எதிர் வீட்டு மாமா கதவைத் திறந்து, "யாரு? உள்ள வாங்கோ"ன்னார்.

அப்புறம்தான் உறைச்சது. அவங்க வீட்டுச் சுவர் மரச்சட்டம் அடிச்சு மேல ஜிப்சம் பலகை வெச்சது. நம்ம வீடு செங்கல், சிமெண்ட், பீம். அந்தப் புத்தகத்துல தப்பே கிடையாது. ஆனா அது என் சுவருக்கு எழுதின புத்தகம் இல்ல. 1979ல இருந்து ஓடற 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' நிகழ்ச்சியையும் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பார்த்திருக்கேன். பெரியவங்க பொறுமையா சொல்லித் தர்றதைப் பார்க்கறதே தனி சுகம். பார்த்து முடிச்சதும் வீட்டுல செய்யறதுக்குத்தான் ஒன்னும் இருக்காது. நியூஜெர்சி கசின் ஆசையா ஒரு ஷவர் கொண்டு வந்தான். அரை இஞ்ச், நம்மளதும் அரை இஞ்ச், மரையும் ஒரு இஞ்சுக்குப் பதினாலுதான். ஏறவும் ஏறிடுச்சு. ஆனா அவங்க மரையோட கோணம் 60 டிகிரி, நம்மளது 55. டெஃப்லான் டேப் ஒரு ரோல் சுத்தியும் ஒழுகிக்கிட்டே இருந்தது.

அடுத்த குரு எங்க தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர். ஆணி வேலையைச் சரி பண்ணிக் கொடுத்தது இவர்தான். "சார், செங்கல் சுவத்துல ஆணி அடிக்காதீங்க. ஆறு எம்.எம். மேசன்ரி பிட் வாங்குங்க, ஓட்டை போட்டு, தூசியை ஊதிட்டு, பிளக்கை உள்ள தள்ளி ஸ்க்ரூ போடுங்க. வாய் வெச்சு ஊதறப்ப கண்ணை மூடிக்குங்க." கூடவே இன்னொன்னும் சொன்னார்: "சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல, நேர் கீழ ஓட்டை போட்றாதீங்க. பைப் அங்கதான் போவும்." எந்த அமெரிக்கப் புத்தகத்துலயும் இல்லாத ஞானம். ஆனா அவரும் வியாபாரி. பாத்ரூம் சுவத்துல ஓதம்னு போய் நின்னேன், கடையில எந்த டப்பா அதிகமா கிடந்ததோ அதைத் தூக்கிக் கொடுத்தார். உள்ள பைப் கசியறப்ப வெளிய பெயிண்ட் அடிச்சா என்ன ஆகும்? ரெண்டு மாசத்துல பெயிண்ட் தோசை மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அதுல இருந்து அவர்கிட்ட "எது நல்லா இருக்கும்?"னு கேக்கறதில்ல. "எதை வாங்கிட்டுப் போனவங்க திரும்பக் கொண்டு வந்து சண்டை போடறாங்க?"ன்னு கேக்கறேன். இதுக்கு மட்டும் மனுஷன் பொய்யே சொல்றதில்ல :-)

இதெல்லாம் சில்லறைக் காயம். இனிமே சொல்லப்போறதுதான் நான் இதை எழுதறதுக்கே காரணம்.

ஒரு நாள் அம்மா துணி எடுக்கப் போனவங்க கையை உதறிக்கிட்டே வந்தாங்க. "மெஷின் கடிக்குதுடா." நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒன்னும் தெரியலை. செருப்பைக் கழட்டிட்டு, ஈரத்தரையில நின்னு தொட்டேன். ஆமா, சுள்ளுன்னு எறும்பு கடிச்ச மாதிரி. டெஸ்டரை வெச்சேன், லேசா எரிஞ்சது.

எலக்ட்ரீஷியனுக்கு போன். "நாளைக்கு வரேன் சார்." சரி, யூட்யூப். ஷாக்குன்னு அடிச்சா வந்து விழுது பாருங்க நூறு வீடியோ. இதுல ஒரு சமாச்சாரம். அமெரிக்க வீடியோவைப் பார்த்து நம்ம வீட்டு ஒயரைத் தொட்டா தொலைஞ்சோம். அங்க கருப்பு ஒயர்லதான் கரண்ட், வெள்ளை நியூட்ரல். எங்க வீட்டுல கருப்பு நியூட்ரல், சிவப்பு ஃபேஸ், பச்சை எர்த். இங்கிலாந்துல சுவத்துக்குள்ள போற ஒயருக்கு 2004ல புது கலர் வந்தது, பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். நம்ம ஊர் மூணு ஃபேஸ் வீட்டுல சிவப்பு, மஞ்சள், நீலம்னு நீலத்துலயும் கரண்ட் ஓடும். ஒரே நிறம், மூணு ஊர், மூணு அர்த்தம். இது வரைக்கும் நான் உஷாராத்தான் இருந்தேன். அதனால நம்ம ஊர்க்காரர் வீடியோவாத் தேடினேன். அங்கதான் மாட்டினேன்.

தங்கமான பையன் அவன். நம்ம தமிழ், நம்ம சாக்கெட், நம்ம கலர் ஒயர். "வாஷிங் மெஷின் ஷாக் அடிக்குதா? எர்த் சரியில்லன்னு அர்த்தம். ஆளைக் கூப்பிட வேணாம். சின்ன ஒயர் ஒன்னு எடுங்க. சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சிடுங்க." முடிச்சான். டெஸ்டரை மெஷின் மேல வெச்சான். எரியலை. "பார்த்தீங்களா, ஷாக் போச்சு!"

மெயினை அணைச்சுட்டு (அந்தப் புத்தி இருந்துச்சு) நானும் அதையே செஞ்சேன். மூணு இஞ்ச் கருப்பு ஒயர். கால் மணி நேர வேலை. ஷாக் போயே போச்சு. அம்மா ஈரக்கையால தொட்டுப் பார்த்துட்டு, "பரவால்லடா, நீயும் ஒரு வேலை செஞ்சுட்டே"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு ஸ்பெஷலா வெங்காய பஜ்ஜி. ஆபீஸ்ல ரெண்டு பேர்கிட்ட பீத்திக்கவும் செஞ்சேன்.

பத்தொன்பது நாள் கழிச்சு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். அவரோட 'நாளைக்கு' அன்னிக்குத்தான் விடிஞ்சிருக்கு. வாஷிங் மெஷினுக்குத்தான் வந்தேன்னார். "அது சரியாயிடுச்சுண்ணே, கீசர் சாக்கெட் மட்டும் பாருங்க"ன்னேன். "எப்படி சார் தானா சரியாகும்?"னு கேட்டுக்கிட்டே மெஷின் சாக்கெட்டைத் திறந்துட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசலை.

"யாரு சார் இந்த வேலையைப் பண்ணது?"

குரல்ல இருந்த சூடு எனக்குப் புரிஞ்சது. "பழைய ஓனர்ணே"ன்னேன். வாய்ல இருந்து அப்படியே வந்துடுச்சு.

ஒரு பேப்பர் வாங்கிப் படம் போட்டார். "சார், மெஷினுக்குள்ள கரண்ட் ஃபேஸ்ல வந்து, மோட்டார் வழியா நியூட்ரல்ல திரும்பிப் போவுது. சரியா? இந்த நியூட்ரல் எங்கயாவது ஒரு இடத்துல விட்டுப் போச்சுன்னு வைங்க. போர்டுல ஸ்க்ரூ லூஸு, ஜாயிண்ட் கருகிடுச்சு, எலி கடிச்சிருச்சு, என்ன வேணா ஆவலாம். மெஷின் நின்னுடும். ஆனா கரண்ட் நிக்காது. மோட்டார் வழியா நியூட்ரல் பின்னு வரைக்கும் வந்து, போக வழியில்லாம நிக்கும். அப்ப இந்தத் துண்டு ஒயர் வழியா எர்த் பின்னுக்கு வரும். எர்த் பின்னு எங்க போவுது? மெஷின் பாடிக்கு. முழுசா 230. ஃபியூஸ் போவாது, எம்.சி.பி. விழாது. அதுங்களைப் பொறுத்தவரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருக்கு. மெஷின் ஏன் நின்னுச்சுன்னு பாக்க ஈரக்கையோட யாரு சார் வருவா?"

அம்மா அந்த நேரம் அவருக்கு காபி கொண்டு வந்து வெச்சுட்டுப் போனாங்க.

"அந்த ஓனரு நல்ல நேரம் சார், ஆள் போவலை"ன்னு சொல்லி ஒயரை வெட்டி என் கையில கொடுத்தார்.

டெஸ்ட் லாம்ப் எடுத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வெச்சார். எர்த் நல்லா இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியணும். மினுக்குன்னு கூட இல்ல. தேடிக்கிட்டே போய் மெயின் பாக்ஸ்ல பார்த்தா, பச்சை ஒயர் எதுலயும் சேராம அனாதையா மடங்கிக் கிடக்குது. எர்த் குழி எங்கன்னு கீழ போய்ப் பார்த்தா, அது மேல டைல்ஸ் போட்டு கார் நிறுத்திக்கிட்டிருக்கோம். அசோசியேஷன் மீட்டிங் போட்டு, டைல்ஸை உடைச்சு, குழியைச் சரி பண்ணி, பச்சை ஒயரை அது சேர வேண்டிய இடத்துல சேர்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்னும் மாட்டி முடிக்க ரெண்டு வாரம் ஆச்சு. அது வரைக்கும் வாளியிலதான் துணி.

அந்த ஆர்.சி.சி.பி. பத்தி ரெண்டு வரி. எம்.சி.பி. காப்பாத்தறது ஒயரை, மனுஷனை இல்ல. அது பதினாறு ஆம்பியர்னு இருந்தா அதுக்கு மேல போனாத்தான் விழும். மனுஷன் இதயத்தைக் குழப்பறதுக்கு ஒரு ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கே போதும். ஆர்.சி.சி.பி. போற கரண்டையும் திரும்பி வர்ற கரண்டையும் ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டா, கண் சிமிட்டற நேரத்துல டப்புன்னு அணைஞ்சிடும். மேல ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கு. மாசா மாசம் ஒன்னாம் தேதி அமுக்கறேன். டிவி பார்த்துக்கிட்டிருக்கற பையன் கத்துவான், கத்தட்டும். ஆனா அந்த பட்டன் பெட்டி வேலை செய்யுதான்னு மட்டும்தான் சொல்லும். எர்த் நல்லா இருக்கான்னு சொல்லாது.

அன்னிக்கு ராத்திரி தங்கமணிகிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எத்தனை நாள்ங்க?"ன்னாங்க. "பத்தொன்பது." "நான் வீட்டுல இல்லாதப்பல்லாம் அத்தைதானே மெஷின் போட்டாங்க." அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தா தூங்கியிருப்பேன்.

மறுநாள் அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். பையன் மேல கோவம் வரும்னு நினைச்சேன், வரலை. அவன் ஏமாத்தலை. உண்மையாவே நம்பித்தான் சொல்றான். எங்கயோ அரைகுறையா கேட்டிருக்கான். அமெரிக்க வீடுகள்ல மெயின் பெட்டியில நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துத்தான் வெச்சிருப்பாங்க, விதியே அதுதான். ஆனா ஆரம்பத்துல ஒரே ஒரு இடத்துல, முறைப்படி சேர்க்கறது வேற. நடுவுல ஒரு சாக்கெட்டுக்குள்ள துண்டு ஒயரால முடியறது வேற. அந்த நாலு நிமிஷத்துல அவன் செஞ்சு காட்டினதெல்லாம் நிஜம். ஷாக் நிஜமாவே போச்சு. ஆனா "இது எப்ப தப்பாப் போகும்?"ங்கற பேச்சே அதுல இல்ல. லட்சக்கணக்குல பேர் பார்த்திருந்தாங்க. பார்த்தவங்க எண்ணிக்கையைப் பார்த்துத்தான் நானும் நம்பினேன். பத்தொன்பது நாள் வரைக்கும் என்னைக் கேட்டிருந்தாலும் சூப்பர்னுதான் சொல்லியிருப்பேன். வீட்டு வேலையில இதுதான் வில்லங்கம். தப்பாச் செஞ்சதும் முதல் நாள் சரியாத்தான் தெரியும்.

அப்புறம் ஏன் அந்த லேசான ஷாக் அடிச்சதுன்னு தெரிஞ்சுக்கணும்னு வெறி வந்துடுச்சு. அண்ணனுக்கே போன் போட்டேன். "சார், நான் ஐ.டி.ஐ.யில படிச்ச புக்கு இருக்கு, அதைப் படிங்க. இஞ்சினியரிங் புக்கு வேணாம், அது கணக்காப் போட்டு கொல்லும்"னார்.

இத்தனை வருஷமா கிண்டி வழியா ஆபீஸ் போயிருக்கேன். அதே கிண்டியிலதான் நிமின்னு ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கு. ஜெர்மனி உதவியோட 1986ல ஆரம்பிச்சது. நாடு பூரா ஐ.டி.ஐ. பசங்க படிக்கற புத்தகத்தைத் தயாரிக்கறது இவங்கதான். எலக்ட்ரீஷியன், பிளம்பர், கார்பெண்டர்னு தொழிலுக்குத் தொழில் தனிப் புத்தகம். பாரத் ஸ்கில்ஸ்ங்கற அரசுத் தளத்துல காசில்லாம இறக்கிக்கலாம், தமிழ்லயும் இருக்கு. எலக்ட்ரீஷியன் புத்தகத்தைத் திறந்தா முதல்ல ஒயரும் இல்ல சுவிட்சும் இல்ல. பாதுகாப்பு, முதலுதவி, எந்த நெருப்புக்கு எந்த தீயணைப்பான், ஷாக் அடிச்சு விழுந்தவனுக்கு எப்படி மூச்சு கொடுக்கறது. நாலு நிமிஷ வீடியோ பார்த்துப் பழகின கண்ணுக்கு செம போர். நான் ரெண்டு தடவை படிச்சேன்.

அங்க இங்க படிச்சதுல என் எறும்புக்கடிக்கும் பதில் கிடைச்சது. மெஷினுக்குள்ள மின்சார இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கும். அதுல இருக்கற சின்னச் சின்ன கெப்பாசிட்டர்களை ஃபேஸ், நியூட்ரல் ரெண்டுல இருந்தும் பாடியோட இணைச்சிருப்பாங்க. எர்த் இருந்தா அந்தத் துளிக் கசிவு மண்ணுக்குப் போயிடும். இல்லேன்னா பாடி 230ல பாதி வோல்ட்டேஜ்ல அந்தரத்துல தொங்கும். கரண்ட் ரொம்பக் கம்மிங்கறதால கடிக்கும், கொல்லாது. ஆக, மெஷின்ல கோளாறே இல்ல. எர்த் இல்லைன்னு அது எங்களுக்குச் சொல்லிக்கிட்டிருந்திருக்கு. சொல்றவன் வாயைத்தான் நான் மூணு இஞ்ச் ஒயரால கட்டியிருக்கேன்.

அதுக்கும் மேல வேணும்னா பி.ஐ.எஸ். தரநிலைகள். வீட்டு ஒயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043. முன்னாடி இதையெல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்கணும். கார்ல் மாலமுட்னு ஒரு அமெரிக்கர் வாங்கி, எல்லாரும் படிக்கட்டும்னு இணையத்துல போட்டார். விவகாரம் 2015ல டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. இப்ப பி.ஐ.எஸ்.ஸே தன் தளத்துல பதிவு பண்ணிக்கிட்டா இலவசமா தருது. நேர்மையாச் சொல்றேன், அதைப் படிச்சு வேலை செய்ய முடியாது. ஆனா ஒருத்தர் சொல்றது சரியான்னு சந்தேகம் வந்தா போய்ப் பார்க்கற இடம் அது. மருந்துச் சீட்டு மாதிரி படிக்க முடியாத எழுத்துல டப்பாவோட வர்ற காகிதம் இருக்கே, பெயிண்ட்டோ ஓட்டை அடைக்கற பசையோ, அதையும் இப்ப விடாம படிக்கறேன். எந்த மாதிரி சுவத்துல அடிக்கக் கூடாதுன்னு அதுலதான் பொடி எழுத்துல போட்டிருக்கான். அந்த ஓதச் சுவத்து டப்பாவுலயும் போட்டிருந்தது. நான்தான் படிக்கலை.

இப்பவும் வீட்டு வேலை செய்யறேன். குழாய்க்கு வாஷர், கதவுக்குக் கீல், சுவத்துல ஓட்டை, ஜன்னலுக்கு பெயிண்ட். முருகர் ஆறு எம்.எம். பிளக்குல ஸ்ட்ராங்கா தொங்கறார். மெயின் பெட்டிப் பக்கம் மட்டும் போறதில்ல. வயர்மேன் சர்டிபிகேட் வெச்சிருக்கற ஆள் செய்ய வேண்டிய வேலை அது. 'நாளைக்கு'ன்னா நாளைக்கு, காத்திருக்கேன்.

போன மாசம் ஃபேன் ரெகுலேட்டர் மாத்த அண்ணன் வந்திருந்தார். நான் பக்கத்துல ஸ்டூல் பிடிச்சுக்கிட்டு, எர்த் பத்தி, லீக்கேஜ் பத்தி, புத்தகத்துல படிச்சதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தேன். மனுஷன் பொறுமையா பதில் சொன்னார். கடைசியில மனசு கேக்காம சொல்லிட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு அந்தத் துண்டு ஒயரு... பழைய ஓனர் இல்ல. நான்தான்."

அவர் ஸ்க்ரூவை முறுக்கி முடிச்சார். "தெரியும் சார்."

"எப்படிண்ணே?"

"முப்பது வருஷத்து சாக்கெட்டு. உள்ள எல்லாம் அழுக்கேறிக் கிடக்குது, அது மட்டும் புத்தம் புது ஒயரு. பழைய ஓனரு நேத்தா வந்து போட்டாரு?" ஸ்டூல்ல இருந்து இறங்கி கையைத் துடைச்சுக்கிட்டார். "அந்த புக்கு போன்ல இருக்குன்னீங்களே, எனக்கும் அனுப்புங்க. பையன் இந்த வருஷம் ஐ.டி.ஐ. சேர்றான்."